தூத்துக்குடிக்கு முதல்முறை வருகிறீர்களா? மணி பார்த்து வாருங்கள்

கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் ஒரு மே மாதத்தில் வந்தார். பகல் பதினோரு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோ பிடித்து, நேரே பீச்சுக்குப் போயிருக்கிறார். தலைக்கு மேலே வெயில், எதிரே குளம் மாதிரி அசையாத தண்ணீர், தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். அரை மணி நேரத்தில் எனக்கு போன் வந்துவிட்டது. "உங்க ஊர்க் கடல்ல அலையே இல்லையே, அப்புறம் எதைப் பார்க்கச் சொன்னீங்க?"

அவர் மேல் தப்பில்லை. தூத்துக்குடி சுற்றுலா ஊர் இல்லை, பிழைப்பு நடக்கிற ஊர். உப்பளத்தில் விடியுமுன்னே வேலை தொடங்கிவிடும். விசைப்படகு ராத்திரிதான் கரைக்கு வரும். பரோட்டாக் கல் சூடாவது பொழுது சாய்ந்த பிறகு. இதற்கெல்லாம் நடுவில், பகல் பதினோரு மணிக்கு வந்து நிற்பவருக்கு ஊர் எதையும் காட்டாது. அதனால் இந்தக் கட்டுரையில் எங்கே போவது என்பதைவிட எப்போது போவது என்பதைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன். கையில் மூன்று நாள் இருந்தால் நிறைவாகப் பார்க்கலாம். இரண்டு நாள்தான் என்றால் மூன்றாவதை விட்டுவிடுங்கள், முதல் நாளை விடாதீர்கள்.

எந்த மாதம்

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, உப்பளங்களில் வேலை தொடங்கியிருக்கும். ஏப்ரலில் இருந்து வெயில் கொல்லும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு. விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், மீன் விலை எகிறும். நாட்டுப்படகு மீன் கிடைக்கும், ஆனால் கேட்ட மீன் கிடைக்காது.

தென்மேற்குப் பருவமழை இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. ஜூன், ஜூலையில் காற்று மட்டும் மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். ஆனாலும் ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா கோயில் திருவிழா. கூட்டம் பிடிக்கும் என்றால் அப்போது வாருங்கள், பிடிக்காது என்றால் அந்தப் பதினோரு நாளில் அறை தேடி அலையாதீர்கள்.

நவம்பர், டிசம்பரில் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ரோடு, ரயில் பாதை எல்லாம் அறுத்துக்கொண்டு போனது.

வந்து இறங்குவதும் வழி கேட்பதும்

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ்தான் என் சிபாரிசு. சாயங்காலம் எழும்பூரில் ஏறிப் படுத்தால் காலையில் ஊர். ரயில் நிலையம் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. விமானம் என்றால் வாகைக்குளத்தில் இறங்க வேண்டும். திருநெல்வேலி போகிற ரோட்டில் இருக்கிறது, அங்கிருந்து ஊருக்குள் வர அரை மணி நேரம் பிடிக்கும். திருநெல்வேலியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான்; பஸ் அடிக்கடி உண்டு.

பஸ்ஸில் வந்தால் ஏறும்போதே கண்டக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்: பழைய பஸ் ஸ்டாண்டா, புது பஸ் ஸ்டாண்டா? பழையது கடைத்தெருவை ஒட்டி இருக்கிறது. முதல்முறை வருகிறவர்களுக்கு அதற்குப் பக்கத்தில் அறை எடுப்பதே வசதி.

அடுத்து, இந்த ஊரில் வழி கேட்கும் முறை. எங்கள் அடையாளமெல்லாம் ரயில்வே கேட்தான். முதல் கேட், ரெண்டாம் கேட், மூணாம் கேட், நாலாம் கேட். "மூணாம் கேட் தாண்டி லெஃப்ட்" என்பார்கள். நீங்கள் மேம்பாலத்தில் ஏறி இறங்கிவிட்டு, கேட் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். கேட் மேல்தான் பாலம் கட்டிவிட்டார்களே! பேர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. ரோடுகளும் அப்படித்தான். டபிள்யூ.ஜி.சி. ரோடு என்றால் மேற்கு கிரேட் காட்டன் ரோடு, வி.இ. ரோடு என்றால் விக்டோரியா எக்ஸ்டென்ஷன் ரோடு. முழுப்பேரைச் சொல்லிக் கேட்டால் ஆட்டோக்காரரே ஒரு நிமிடம் யோசிப்பார், எழுத்தைச் சொல்லுங்கள். ஏறுமுன் வாடகையைப் பேசிக்கொள்ளுங்கள். "அண்ணாச்சி, எவ்வளவு?" என்று ஆரம்பித்தால் பேச்சு சுமுகமாகவே முடியும்.

முதல் நாள் காலை: பீச் ரோட்டில் ஒரு நடை

ஆறு மணிக்குக் கிளம்புங்கள், ஒன்பதுக்குள் முடித்துவிடலாம். இந்த ஒரு ரோட்டில் ஊரின் ஐந்நூறு ஆண்டுக் கதை இருக்கிறது.

பனிமய மாதா கோயிலில் தொடங்கலாம். முத்துக் குளித்த பரதவர்கள் 1530-களில் போர்த்துகீசியரிடம் பாதுகாப்புத் தேடி, ஊர் ஊராகக் கிறிஸ்தவம் தழுவினார்கள். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். 1555-இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்று சொல்லப்படும் மாதா சிலைதான் உள்ளே இருக்கிறது. இப்போதைய கோயில் 1713-இல் எழுந்தது, 1982-இல் பேராலயமானது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். மல்லிகை மாலையும் மெழுகுவர்த்தியும் சேர்ந்த ஒரு வாசனை இருக்கும். தலையில் சேலையைப் போட்டுக்கொண்டு முழங்காலில் நிற்கும் பாட்டியைப் பார்த்தால், இந்தக் கரை மக்களுக்கு மாதா யார் என்பது புரிந்துவிடும். கடலுக்குப் போகிறவன் வீட்டுக்கு ஒரு தாய் வேண்டும், அவ்வளவுதான். மாதாவுக்குத் தங்கத்தேர் உண்டு. ஆண்டுதோறும் ஓடாது. 2013-க்குப் பிறகு 2023-இல்தான் ஓடியது. அதைப் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

அங்கிருந்து கடலை ஒட்டி நடங்கள். 1658-இல் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரை விரட்டிவிட்டு ஊரைப் பிடித்தார்கள். அவர்கள் 1750-இல் கட்டிய திரித்துவக் கோயிலை இன்று ஊரில் இங்கிலீஷ் சர்ச் என்கிறார்கள். கட்டியது டச்சுக்காரன், பேர் வாங்கியது வெள்ளைக்காரன். 1825-இல்தான் ஊர் முழுசாக ஆங்கிலேயர் கைக்குப் போனது.

இதில் ஒரு வேடிக்கை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சுருக்கப்பேர் வி.ஓ.சி. நூறு ஆண்டுக்கு மேல் இந்தத் துறைமுகத்தில் பறந்தது அந்த எழுத்துகள்தான். இன்று துறைமுக வாசலில் இருப்பதும் வி.ஓ.சி.தான். ஆனால் இது வேறு ஆள். கம்பெனிக்காரனை எதிர்த்துக் கப்பல் விட்டவர்.

ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த வ.உ. சிதம்பரனார் 1906-இல் இங்கே சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். தூத்துக்குடி–கொழும்பு பாதையை ஆங்கிலேயக் கம்பெனி ஒன்று தன் கையில் வைத்திருந்த காலம் அது. காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களை வாங்கி ஓடவிட்டார். எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, குறைத்துக்கொண்டே போனது, கடைசியில் சும்மா ஏற்றிப்போய்க் கையில் குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். மார்ச்சில் கைது, இரட்டை ஆயுள் தண்டனை, கூட்டினால் 40 ஆண்டு. மேல்முறையீட்டில் குறைந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை. கோயம்புத்தூர் சிறையில் இழுத்த செக்கு மட்டும்தான் பேராக மிஞ்சியது. 1936 நவம்பர் 18-இல் இதே ஊரில் இறந்துபோனார். பீச் ரோட்டில் பழைய துறைமுகத்தைப் பார்த்தபடி நின்று இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். புத்தகத்தில் படித்தது வேறு மாதிரி இருக்கும். அதே பக்கம் கலெக்டர் ஆஷுக்கு ஒரு நினைவு மண்டபமும் உண்டு. அவர் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

பழைய துறைமுகத்துக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. ஆனால் வெளியிலிருந்தே தோணிகள் தெரியும். மரத்தில் செய்த பெரிய கலங்கள். இங்கிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் போய்வருபவை. பிரம்மாண்டமான கன்டெய்னர் கப்பல்கள் தெற்கே புதுத் துறைமுகத்துக்கு வரும். அது 1974-இல் திறந்தது. கடலுக்குள் இரண்டு பக்கமும் சுமார் நான்கு கிலோமீட்டருக்குக் கல்லைக் கொட்டி, அலைதடுப்புச் சுவர் எழுப்பிக் கட்டிய துறைமுகம். 2011-இல் வ.உ.சி. பேரை வைத்தார்கள். அதே ஆண்டு கொழும்புக்குப் பயணிகள் கப்பல் ஒன்றும் கிளம்பியது. சில மாதங்களில் நின்றுபோனது.

அலை ஏன் இல்லை என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. எதிரே கடலுக்குள் வான்தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குசல்லி என்று தீவுகளும் பவளப்பாறைகளும் அலையைத் தடுத்து நிற்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இவை தூத்துக்குடிக் கூட்டம். விலாங்குசல்லி கடலுக்குள் மூழ்கிவிட்டது. தேசியப் பூங்கா என்பதால் மற்றவற்றில் யாரும் கால் வைக்கக் கூடாது. "நான் கூட்டிப்போகிறேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முயல் தீவுக்கு மட்டும் போகலாம். பேர்தான் தீவு, புதுத் துறைமுகம் வந்தபோது கரையோடு சேர்ந்துவிட்டது. காணும் பொங்கலுக்கு ஊரே கட்டுச்சோற்றோடு அங்கே கூடும்.

முத்து எங்கே என்று கேட்பீர்கள். கடைசி முத்துக்குளிப்பு 1961-இல். அதோடு சரி. கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கும் குளியாளியின் உயிர், மேலே படகில் கயிறு பிடிப்பவன் கையில். அதனால் மச்சினனைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்பார்கள். தங்கை தாலி அறுக்க அண்ணன் விடமாட்டான் என்ற கணக்கு. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் "கடல்கட்டி"க்கு அரசாங்கமே கூலி கொடுத்திருக்கிறது. இன்று கடைகளில் முத்து என்று நீட்டுவதை ஊர் நினைவாக வேண்டுமானால் வாங்குங்கள், இந்தக் கடலில் எடுத்தது என்று நினைத்து வாங்காதீர்கள்.

மதியம் வெயிலில் சுற்றாதீர்கள்

அறைக்குப் போகும் வழியில் ஊருக்குள்ளே குரூஸ் பர்னாந்து சிலையைக் கேட்டுப் பார்த்துவிடுங்கள். எதிரே கடலை வைத்துக்கொண்டு குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்த ஊர் இது. நகராட்சித் தலைவராக இருந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தவர் அவர். 1927-இல் தண்ணீர் வந்தது. ஊர்க்காரர்கள் அவரைக் கும்பிடுவதில் ஆச்சரியம் இல்லை.

சாப்பாட்டுக்கு மீன் குழம்பு. சீலா, பாறை, விளமீன், ஊழி: அன்றைக்கு என்ன வந்தது என்று கேட்டுச் சாப்பிடுங்கள், பட்டியலைப் பார்த்துச் சொல்லாதீர்கள். அதற்கு மேல் ஒரு தூக்கம். தூங்கி எழுந்ததும் மக்ரூன்.

மக்ரூனைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரி. இந்த மூன்றுதான், மாவே கிடையாது. வெள்ளைக்கருவை நுரைக்க நுரைக்க அடித்து, சீனி சேர்த்து, முந்திரித் தூளைக் கலந்து, கூம்புக் காகிதத்தில் நிரப்பித் தட்டில் பிழிவார்கள். பிழிகிற கை ஒரு சுழற்று சுழற்றி மேலே தூக்கும்போது நுனியில் ஒரு வால் நிற்கும். அந்த வால் ஒடியாமல் இருக்க வேண்டும். சூடு தணிந்த அடுப்பில் இரவு முழுக்கக் காயும். வாயில் போட்டால் மேலே முறுக், உள்ளே கரைசல், கடைசியில் பல்லில் முந்திரி. வெளிநாட்டில் பாதாம் போட்டுச் செய்கிற தின்பண்டம் கப்பலேறி இங்கே வந்து முந்திரிக்கு மாறிக்கொண்டது. போர்த்துகீசியன் கொண்டுவந்தானா, வேறு யாராவதா என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், சண்டைக்குப் போகாதீர்கள். வாங்கும்போது ஒன்றை எடுத்துப் பாருங்கள்: விரலில் ஒட்டினால் நேற்றையது, அல்லது டப்பாவைச் சரியாக மூடவில்லை. கடல் காற்று பட்டால் அரை நாளில் பிசுபிசுத்துவிடும். அதனால் இப்போது தின்னும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள், ஊருக்குக் கொண்டுபோவதைக் கிளம்பும் நாளில் வாங்கிக்கொள்ளலாம்.

சாயங்காலமும் ராத்திரியும்

நாலரை மணிக்கு மேல் சிவன் கோயில், அதாவது சங்கர ராமேஸ்வரர் கோயில் திறந்திருக்கும். அம்மன் பேர் பாகம்பிரியாள். ஊரின் பழைய பேர் திருமந்திர நகர் என்பதை இங்கேதான் அடிக்கடி கேட்பீர்கள். பக்கத்திலேயே பெருமாள் கோயில். பிறகு ரோச் பூங்கா அல்லது முத்துநகர் பீச். நீச்சல் அடிக்கிற கடற்கரை இல்லை. உட்கார்ந்து சுண்டல் தின்கிற கடற்கரை.

மீன் ஏலம் பார்க்க இரண்டு இடம். வடக்கே திரேஸ்புரத்தில் நாட்டுப்படகு. போகிற, வருகிற நேரம் வலையைப் பொறுத்து மாறும், ஆனால் சனிக்கிழமை வரத்து அதிகம். விசைப்படகுகளோ காலை ஐந்து மணிக்குக் கடலுக்குப் போய் ராத்திரி ஒன்பது மணி வாக்கில் திரும்பும். மீன்பிடித் துறைமுகத்தில் அப்போதுதான் கலகலப்பு. ஒதுங்கி நின்று பாருங்கள். ஐஸ் பெட்டி தூக்கி வருகிறவருக்கு வழி விடுங்கள், நல்ல செருப்பைப் போட்டு வராதீர்கள். ஏலம் கேட்பவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள், அவருக்கு ஒரு நொடி தப்பினால் ஆயிரக்கணக்கில் போய்விடும். படம் எடுக்குமுன் கேளுங்கள்.

அப்புறம் நைட் கிளப். பயப்பட வேண்டாம், பரோட்டாக் கடைக்குத்தான் இங்கே அந்தப் பேர். ராத்திரி மட்டும் நடப்பதால் யாரோ எப்போதோ வைத்த பேர், நிலைத்துவிட்டது. வீட்டுப் பெரியவர்கள்கூட "நைட் கிளப்ல ரெண்டு பரோட்டா வாங்கிட்டு வாடே" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். சாதா பரோட்டாவைப் பிய்த்துப்போட்டு, மேலே சால்னாவை ஊற்றி இரண்டு நிமிடம் ஊறவிட்டுச் சாப்பிடுவது ஒரு முறை. பொரித்த பரோட்டா என்றால் எண்ணெயில் முக்கி எடுத்தது, அதை நொறுக்கிச் சால்னா ஊற்ற வேண்டும். முதல்முறை என்றால் இரண்டிலும் ஒவ்வொன்று. மூன்றாவது கேட்கும்போது காலையில் நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள்: உப்பு, பிறகு மூன்று பழைய துறைமுகங்கள்

உப்பளத்துக்கு விடியுமுன் போக வேண்டும். முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கம் திருச்செந்தூர் ரோட்டின் ஓரமாகவே பாத்திகள் தெரியும். வடக்கே தருவைகுளம், வேப்பலோடை பக்கமும் உண்டு. எல்லாம் தனியார் இடம். ரோட்டிலிருந்து பாருங்கள், உள்ளே போவதானால் அங்கே இருப்பவரிடம் கேட்டுப் போங்கள். வரப்பில் மட்டும் நடங்கள். பாத்திக்குள் ஒரு கால் வைத்தால் ஒருவருடைய ஒரு வாரப் பாடு கெட்டது.

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு, அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்துக்கு. உவர்த் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவிட்டு, கடைசிப் பாத்தியில் உப்பு பூத்ததும் நீளக் கைப்பிடி வைத்த மரப்பலகையால் இழுத்து வாருவார்கள். பலகை உப்பின் மேல் போகும்போது சரக் சரக்கென்று ஒரு சத்தம். இருட்டில் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் ஆள் எங்கே நிற்கிறார் என்று தெரியும். வெயில் ஏறுமுன் முடிக்கத்தான் இந்த அவசரம். எட்டு மணிக்கு மேல் அந்த வெள்ளையைப் பார்க்க முடியாது, கண் கூசும். ஆண்டுக்கணக்கில் அதில் நிற்பவர்களுக்குக் கண்ணும் காலும் கெட்டுப்போகின்றன. அம்பாரம் அம்பாரமாகக் குவித்து ஓலை வேய்ந்திருப்பதைப் படம் எடுக்கும்போது, தலையில் கூடையோடு போகும் அக்காவைப் படத்துக்காக நிறுத்திவைக்காதீர்கள். அதிர்ஷ்டம் இருந்தால் உப்புத் தண்ணீரில் பூநாரைகள் நிற்கும்.

அதே திருச்செந்தூர் ரோட்டில் இறங்கினால் பழையகாயல், கொற்கை, புன்னைக்காயல். இதற்கு வண்டி வைத்துக்கொள்வது நல்லது. சங்க காலப் பாண்டியரின் முத்துத் துறைமுகம் கொற்கை. கிரேக்க மாலுமிகளின் குறிப்புகளிலும் பேர் வருகிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்ணில் கடல் பின்வாங்க, துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்த "காயல்" அதுதான். அதுவும் மண்மூட, கடைசியில் ஆற்று மண் எட்டாத தூத்துக்குடிக்கு வாய்ப்பு வந்தது. கொற்கையில் இன்று நீங்கள் பார்க்கப்போவது வாழைத்தோட்டம், ஒரு குளம், ஒரு பழைய வன்னிமரம். ஈராயிரம் வயது என்பார்கள் ஊரில். "இவ்வளவுதானா?" என்று தோன்றும். கடல் எங்கே என்று கேளுங்கள். கிழக்கே கை காட்டுவார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர் தெரியாது. ஒரு துறைமுகம் சாவது எப்படி என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் புன்னைக்காயலில் வாழ்ந்தவர் அண்டிரிக் அடிகளார் என்ற ஹென்ரிக்கஸ் பாதிரியார். தமிழ் எழுத்தில் இந்தியாவில் முதல் புத்தகம் 1578-இல் கொல்லத்தில் அச்சானது அவர் முயற்சியால்தான்.

நேரம் மிச்சமிருந்தால் மேற்கே ஆதிச்சநல்லூர். 1876-இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டினார், பிறகு அலெக்சாண்டர் ரீ. தங்கப் பட்டங்களும் முதுமக்கள் தாழிகளும் கிடைத்தன. தாழிகளை எடுத்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். 2023-இல் திறந்தது. காலுக்குக் கீழே தாழியைப் பார்த்துக்கொண்டு நிற்பது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

மூன்றாம் நாள்: தெற்கா, வடக்கா

இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

தெற்கே போனால் திருச்செந்தூர், சுமார் 40 கிலோமீட்டர். ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். விடிகாலையில் போய்விடுங்கள், சஷ்டி, செவ்வாய், வெள்ளி என்றால் கூட்டம் தாங்காது. கடலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் நாழிக்கிணற்றில் தண்ணீர் உப்புக் கரிக்காது. 1640-களில் டச்சுக்காரர்கள் இந்தக் கோயிலையே பிடித்து வைத்திருந்தார்கள். அங்கிருந்து இன்னும் தெற்கே குலசேகரன்பட்டினம். தசராவுக்குப் பத்து நாள் காளி, குறவன், ராஜா, போலீஸ் என்று வேஷம் கட்டி ஊர் ஊராகப் பிச்சை எடுத்து முத்தாரம்மனுக்குக் கொண்டுவருவார்கள். நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-இல் அடிக்கல் நாட்டியதும் இதே ஊரில்தான். கடைசியாக மணப்பாடு: மணல் மேட்டின் உச்சியில் 1581-இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில், கீழே சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. என்னைக் கேட்டால் இந்தக் கரையிலேயே அழகான இடம் இதுதான். பொழுது சாயும்போது அந்த மேட்டில் நில்லுங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி.

வடக்கே என்றால் பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம், எட்டயபுரம். கட்டபொம்மனின் கோட்டையை வெள்ளைக்காரன் தரைமட்டமாக்கிவிட்டான். இப்போது நிற்பது 1974-இல் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீடு. எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடும், முத்துசுவாமி தீட்சிதர் நினைவிடமும் ஒரே ஊரில்.

கிளம்புமுன்

உடன்குடிக் கருப்பட்டி, கோவில்பட்டி கடலைமிட்டாய் இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை, ஊருக்குள்ளேயே கிடைக்கும். கருப்பட்டியைக் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். சீனி கலந்தது உடனே தித்திக்கும், நல்லது மெல்லத்தான் இறங்கும். மக்ரூனை ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வாங்கி, காற்றுப் புகாமல் கட்டித் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 2018 மே 22, 23-இல் செம்பு ஆலைக்கு எதிரான போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 பேர் இறந்தார்கள். ஊரில் அதைப் பற்றித் தானாகப் பேச்சு வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாகக் கிளறாதீர்கள். டீக்கடையில் உங்கள் பக்கத்தில் இருப்பவர் யாரை இழந்தவர் என்று உங்களுக்குத் தெரியாது.

ராத்திரி ரயிலில் ஏறியதும் படுத்துவிட வேண்டாம். கொஞ்ச நேரத்தில் வாஞ்சி மணியாச்சி வரும், கதவுப் பக்கம் போய் நில்லுங்கள். ராமேசுவரத்துப் பாம்பன் பாலம் 1914-இல் திறக்கும் வரை, சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி வந்துதான் கப்பல் ஏறினார்கள். போட் மெயில் என்று பேர். 1911 ஜூன் 17 காலையில் கலெக்டர் ஆஷ் திருநெல்வேலியிலிருந்து வந்து இந்த ஸ்டேஷனில் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார், கொடைக்கானல் போவதற்கு. வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறிச் சுட்டார். பிறகு பிளாட்பாரத்தில் ஓடிக் கழிப்பறைக்குள் புகுந்து தன்னையும் சுட்டுக்கொண்டார். ஆஷ் அங்கே காத்திருந்தது தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்கு. வருவதற்குச் சில நிமிடங்கள்தான் இருந்தன.